எரிகிற பட்டனை மறுபடி அமுக்குவது குறித்து அப்பா எழுதிக்கொள்வது

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அம்மா, லிப்ட் ஆகிய மூவரும் நலம். லிப்ட் மட்டும் நேற்று மாலை கொஞ்ச நேரம் நலமாக இல்லை. அதுபற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். அங்கு உன்னுடைய உடம்பு, சாப்பாடு, தூக்கம், உன் ஆய்வில் உள்ள புறாக்கள் ஆகியவற்றின் நலம் அறிய ஆவல்.

நிற்க. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். உன் ஆனர்ஸ் ஆய்வேட்டை நினைத்து நீ கவலைப்படக் கூடாது. வீட்டில் நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. என் ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் அரையிலிருந்து முழுசாக மாற்றியிருக்கிறார் என்பது உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். போன மாதம் நீ போனில் அழுதுகொண்டே, "தீசிஸ் வேண்டாம்ப்பா, சாதாரண டிகிரியே போதும், விலகிக்கிறேன்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்று சொன்னாய் அல்லவா, அதற்கு மறுநாளிலிருந்து நான் உனக்குப் போன் செய்யக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது என்று உன் அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். கடிதத்தைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை. விலகுவதானாலும் சரி, ஆய்வேட்டைக் கொடுப்பதானாலும் சரி, இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று காலண்டரில் நானே சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் கிடைக்கவேண்டும் என்பதற்காகக் கூரியரில் அனுப்புகிறேன்.

அன்றைக்கு நீ சொன்ன குறைகள் எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. தலைப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது என்றாய். நான் எழுதலாம் என்று நினைத்ததையெல்லாம் யாரோ ஏற்கெனவே எழுதித் தொலைத்திருக்கிறார்கள் என்றாய். புறாக்கள் நான் நினைத்த ஜன்னலில் உட்காரமாட்டேன் என்கின்றன என்றாய். கைடு அறைக் கதவைப் பார்த்தாலே திரும்பி நடந்துவிடுகிறேன் என்றாய். நான் முப்பது வருடத்துக்கு மேல் லிப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சாதனம் ஓடவில்லை என்று சொன்னால் அதை நம்பமாட்டேன், ஏறிப் பார்ப்பேன். ஆகவே அன்று மாலையே ஒரு முடிவுக்கு வந்தேன். நானும் வீட்டில் உட்கார்ந்து ஒரு ஆய்வேடு எழுதுவது. எழுதி முடித்து, 'பார்த்தாயா, இவ்வளவுதான் விஷயம், ஒரு ஓய்வு பெற்ற ஆளே முடித்துவிட்டான்' என்று உன்னிடம் காட்டுவது. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் பிரிவுக்கு மேலாளர், ஊரில் உள்ள அத்தனை பேருடைய கத்தலையும் காதில் வாங்கி முகம் மாறாமல் இருப்பவள் என்பது உனக்குத் தெரியும். "சரி. நான் கைடு. ஆபீஸ்லேர்ந்து வந்து காபி குடிச்ச பிறகு பாக்கறேன். அதுவரைக்கும் என்கிட்ட வந்து நிக்காதீங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

முதல் தலைப்பாக 'மனித குலமும் மேல்நோக்கிய பயணமும்' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "குறைங்க" என்று ஒரே வார்த்தை. 'நகரங்களும் லிப்ட்டும்' என்று குறைத்தேன். "இன்னும்." 'நம் நகரத்தில் லிப்ட்.' "ஏங்க, நீங்க நகரம் பூரா போய் நிக்கப் போறீங்களா?" 'நம் கட்டிடத்தில் லிப்ட்.' "லிப்ட்ல என்ன?" இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வாரம் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். ஆயுசு முழுக்க லிப்ட்டோடு குடும்பம் நடத்தியவனைப் பார்த்து லிப்ட்டில் என்ன என்று கேட்டால் எங்கே போவது. அந்த வாரம் நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. எல்லா மின்விசிறி இறக்கைகளையும் துடைத்தேன். கருவிப் பெட்டியில் இருந்த ஸ்க்ரூக்களைக் கனம் வாரியாகப் பிரித்து வைத்தேன், பிறகு கொட்டி நீளம் வாரியாகப் பிரித்தேன். உன் பழைய பென்சில்களையெல்லாம் சீவினேன், சீவியதில் சில பென்சில்கள் காணாமலே போய்விட்டன. ஆய்வேட்டில் ஒரு வரி சேரவில்லை, ஆனால் வீடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் தலைப்பு தானாக வந்தது. கீழே லிப்ட்டுக்காக நிற்கிறேன், பட்டனை அமுக்கிவிட்டேன், விளக்கும் எரிகிறது. அப்போது மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வந்தார். எரிகிற பட்டனைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், மறுபடி அமுக்கினார். இரண்டாவது தடவை அமுக்குவதால் லிப்ட்டுக்கு ஒரு பயனும் கிடையாது, சிட்டு. முதல் தடவையே அது குறித்துக்கொண்டுவிட்டது. அதன்பிறகு நீ அமுக்கினாலும் ஒன்றுதான், அதன் எதிரில் நின்று பாட்டுப் பாடினாலும் ஒன்றுதான். படித்த மனிதர், பல்லைப் பிடுங்குகிறவர், ஏன் இப்படிச் செய்கிறார்? அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன்: 'எரிகிற பட்டனை மக்கள் ஏன் மறுபடி அமுக்குகிறார்கள்: நம் கட்டிடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு'. உன் அம்மா படித்துவிட்டு தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதுகூட அவள் இப்படித்தான் ஆட்டினாள், ஆனால் அன்றைக்கு எனக்கு இவ்வளவு படபடப்பு இல்லை.

முதல் அத்தியாயத்தை மூச்சு விடாமல் எழுதினேன். 'பொறுமை இல்லாதவர்களும் யோசிக்காதவர்களுமே எரிகிற பட்டனை மறுபடி அமுக்குகிறார்கள்' என்பது என் துணிபு. திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பு மை. எங்கே பார்த்தாலும் 'யார் சொன்னது?' 'யார் சொன்னது?' என்று எழுதியிருக்கிறாள். நான் கொஞ்சம் சூடாகவே, "நான் சொல்றேன்" என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் முகம் கொடுத்தே பேசவில்லை. அதற்கு அவள், "இது கைடு கேட்ட கேள்வி. ரசத்துல உப்பு இருக்கான்னு கேட்டது உங்க பொண்டாட்டி. பொண்டாட்டிக்காவது பதில் சொல்லுங்க" என்கிறாள்.

சரி, ஆதாரம்தானே வேண்டும், திரட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் இதைப் பற்றி வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று சும்மா போனில் தேடிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். யாரோ ஒருத்தர், எங்கேயோ ஒரு ஊரில், இதே பட்டன், இதே விளக்கு, இதே அமுக்கல், படம் வேற போட்டு எழுதி வைத்திருக்கிறார். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. சோபாவில் படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் சிட்டு, நீ அன்றைக்குப் போனில் 'எல்லாம் போச்சுப்பா' என்று அழுததற்கு, "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று நான் சிரித்தது ஞாபகம் வந்து, துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டேன். உன் அம்மா வந்து துண்டுக்கு மேலாகவே கேட்டாள்: "அவரு நம்ம லிப்ட்ல ஏறினாரா?" "இல்ல." "நம்ம பல் டாக்டரைப் பாத்தாரா?" "எப்படிப் பாப்பாரு." "அப்புறம் என்ன, எழுந்து வேலையைப் பாருங்க." உனக்கும் அதையேதான் சொல்கிறேன். உனக்கு முன்னால் எழுதினவர் உன் காலேஜ் ஜன்னல் புறாவைப் பார்த்தாரா?

மறுநாளிலிருந்து ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு அட்டை, பேனா, இவற்றோடு லிப்ட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்தேன். வருகிறவர்களிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்: "இப்ப மறுபடி அமுக்கினீங்களே, அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" இதில் என்ன தப்பு, நீயே சொல்லு. இரண்டாம் நாள் கட்டிடச் சங்கச் செயலாளர் வந்து, லிப்ட்டில் குடியிருப்பது விதிகளுக்கு உட்பட்டதா என்று கேட்டார். இது ஆய்வு என்றேன். எந்த யுனிவர்சிட்டி என்றார். வீட்டிலிருந்து என்றேன். மூன்றாம் நாளிலிருந்து கட்டிடத்தில் ஒருத்தரும் லிப்ட்டில் ஏறுவதில்லை. ஐந்தாம் மாடி வக்கீல் அம்மா, முழங்கால் வலிக்காரங்க, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு படியேறிப் போறாங்க. பல் டாக்டர் ஓட்டமா ஓடறாரு. நான் காலியான லிப்ட்ல உட்கார்ந்து மேலயும் கீழயுமா போய்ட்டு வரேன், அமுக்க ஆளே இல்லை. உன் புறாவாவது வேற ஜன்னல்ல போய் உட்கார்ந்துச்சு. என் புறாவெல்லாம் படியேறிப் போயிடுச்சு.

கைடுகிட்ட காட்ட ஒண்ணும் இல்லை. அதனால கைடைப் பாக்காம இருக்க என்ன வழியோ அதையெல்லாம் செஞ்சேன். அவ ஆபீஸ்லேர்ந்து வர நேரத்துக்கு நான் கடைக்குப் போயிடறது. வாங்க வேண்டியது எதுவும் இல்லைன்னாலும் போறது. அதனால இப்ப நம்ம வீட்ல தீப்பெட்டி மட்டும் ஒரு அலமாரி நிறைய இருக்கு. ஒருநாள் அவ சீக்கிரமா வந்துட்டா. குளியலறைக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுட்டேன். சத்தம் வேணுமேன்னு குழாயைத் திறந்துவிட்டுட்டு பக்கெட் மேல உட்கார்ந்திருக்கேன். கதவைத் தட்டி, ஆபீஸ் குரல்ல சொல்றா: "ரொம்ப நேரமா தண்ணி வீணாகுதுன்னு புகார் வந்திருக்கு. குழாயை மூடிட்டு அத்தியாயத்தை எடுத்துட்டு வாங்க." வந்தேன். ஒரு பக்கம்கூட இல்லைன்னு சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். "சரி, உங்களுக்கு எங்க இடிக்குது, அதைச் சொல்லுங்க"ன்னு பக்கத்துல உட்கார்ந்துட்டா. சொன்னேன். சொல்லச் சொல்ல, இவ்வளவு நாள் ஏன் ஒளிஞ்சேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. கைடுங்கறவங்க கதவுக்கு அந்தப் பக்கம் நமக்காகத்தான் நிக்கறாங்க, சிட்டு. உன் கைடு மேடமும் அப்படித்தான் இருக்கணும். ஒண்ணும் எழுதலைன்னாலும் போய் எழுதலைன்னு சொல்லிடு. குளியலறையில ஒக்காந்து ஒரு வரிகூட நகராது, நான் பாத்துட்டேன்.

இப்போது நேற்றைய நிகழ்ச்சிக்கு வருகிறேன். (உணர்ச்சிவசப்பட்டுப் பேச்சுத் தமிழில் போய்விட்டேன், மன்னிக்கவும்.) கைடின் யோசனைப்படி, கேள்வி எதுவும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு வெறுமனே பார்ப்பதற்காக நேற்று மாலை லிப்ட்டில் உட்கார்ந்திருந்தேன். நான் பேசமாட்டேன் என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருந்ததால் செயலாளர், பல் டாக்டர், வக்கீல் அம்மா மூவரும் நம்பி ஏறினார்கள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே என் மடக்கு ஸ்டூல் சரிந்து, அதன் கால் கதவிடுக்கில் மாட்டி, கதவு ஒரு விரற்கடை விலகியது. ஓடும்போது கதவு விலகினால் லிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இந்த லிப்ட் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்று ஓய்வு பெறுவதற்கு முன் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அது ஒழுங்காகக் கடைப்பிடித்தது. நின்றுவிட்டது.

அப்புறம் உள்ளே நடந்ததை நான் எப்படிச் சொல்றது. எமர்ஜென்சி பட்டனை முதல்ல டாக்டர் அமுக்கினாரு. கீழ வாட்ச்மேன் அறையில மணி அடிக்கறது எங்களுக்கே கேக்குது. ஒருதடவை அடிச்சா போதும், அந்தாளு மெக்கானிக்கைக் கூப்பிட்டுடுவாரு. ஆனா செயலாளர் அமுக்கறாரு, டாக்டர் மறுபடி அமுக்கறாரு, வக்கீல் அம்மா கைப்பையாலயே அமுக்கறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், இத்தனை ஆதாரம் ஒரே இடத்துல கிடைக்குதேன்னு எழுதிக்கிட்டே வரேன். கொஞ்ச நேரம் கழிச்சு வக்கீல் அம்மா என் கையைப் பிடிச்சு, "சார், எங்க எல்லாரையும்விட நீங்கதான் அதிகமா அமுக்கறீங்க. அதையும் எழுதிக்குங்க" என்றாங்க. திரும்பிப் பாக்கறேன், என் வலது கை எழுதுது, இடது கை பட்டன் மேலயே இருக்கு. அந்தக் கை எப்ப அங்க போச்சுன்னே எனக்குத் தெரியாது. பொறுமை இல்லாதவங்க, யோசிக்காதவங்கன்னு முதல் அத்தியாயம் முழுக்க எழுதி வெச்சிருக்கேனே, அதெல்லாம் எங்க போய் நிக்கும்?

மெக்கானிக் வர்றவரைக்கும் நாலு பேரும் தரையில உட்கார்ந்தோம். வேற வேலை இல்லாததால அவங்களே பேச ஆரம்பிச்சாங்க, நான் கேக்கவே இல்லை. டாக்டர் சொன்னாரு: "அமுக்கினா சீக்கிரம் வரும்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல சார். சும்மா நிக்க முடியலை, அவ்வளவுதான்." வக்கீல் அம்மாவும் ஆமாம்னாங்க. எனக்கு அந்த நிமிஷம் உன் ஞாபகம் வந்துடுச்சு. நீ தீசிஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, அம்மா தடை போடறவரைக்கும், காலையில ஒரு போன், மத்தியானம் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன், "எத்தனை பக்கம் ஆச்சு?" அப்படின்னு. நான் கேட்டா பக்கம் கூடும்னு நானும் நினைக்கலைம்மா. நீ வெளியூர்ல தனியா கஷ்டப்படறே, நான் இங்க கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்க முடியலை. ஆனா ஒவ்வொரு போனுக்கும் உன் பேனா நின்னு போயிருக்கும்னு லிப்ட்ல உட்கார்ந்தப்பதான் உறைச்சுது. இனிமே கேக்கமாட்டேன். அதை எழுதித்தான் தரேன், கையெழுத்தும் போட்டிருக்கேன்.

ஆகவே மகளே, என் ஆய்வின் முடிவு என் துணிபுக்கு நேர் எதிராக வந்திருக்கிறது. உன் அம்மா இதைக் கேட்டதும், "பரவாயில்ல, இப்பதான் உங்களுக்கு எழுத விஷயமே கிடைச்சிருக்கு" என்றாள். உன் புறாக்கள் நீ நினைத்த ஜன்னலில் உட்காரவில்லை என்றால் அதையே எழுது. அப்படி எழுதினால் மார்க் குறையாது என்று நம் கைடு சொல்கிறார்கள். அப்புறம் இன்னொன்று. நீ விலகித்தான் ஆகவேண்டும் என்றால் விலகிக்கொள், நாங்கள் ஒன்றும் நினைக்கமாட்டோம், சாதாரண டிகிரிக்கும் நான் கட்டிடம் முழுக்க இனிப்பு கொடுப்பேன் (இப்போதைக்கு வாங்கிக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்). ஆனால் பயத்தால் விலகாதே. நல்லபடியாகச் சாப்பிடு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. உன் கைடு மேடத்துக்கு என் வணக்கத்தையும், உன் அறைத் தோழிக்கு என் ஆசியையும் சொல்லவும். எங்கிருந்தாலும் நீ நலமாகவும் மனநிறைவாகவும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு அப்பா,
லிப்ட் பரிசோதகர் (ஓய்வு), ஆய்வு மாணவர் (பணியில்).

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் கைடிடம் ஒருதடவை காட்டிவிடலாம் என்று உன் அம்மாவிடம் கொடுத்தேன். முழுசாகப் படித்தாள். சிவப்பு மையே எடுக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொல்கிறாள், மேலே எழுதியது எல்லாமே உனக்கு ஏற்கெனவே தெரியுமாம். ஸ்க்ரூ, தீப்பெட்டி, பக்கெட், நேற்று லிப்ட் நின்றது எல்லாம் தினமும் ராத்திரி உனக்குப் போனில் ஒப்பித்துக்கொண்டிருந்தாளாம். நான் குளியலறையில ஒளிஞ்ச கதையைக் கேட்டு, அழுதுகிட்டிருந்தவ அப்படிச் சிரிச்சியாமே. சிரிச்சு முடிச்சுட்டு அன்னைக்கே உட்கார்ந்து மிச்சத்தை எழுத ஆரம்பிச்சியாமே. போன வாரமே தீசிஸைக் கொடுத்தும் ஆச்சாமே! எனக்கு மட்டும் சொல்லாதேன்னு நீதான் சொன்னியாம், "நான் முடிச்சுட்டேன்னு தெரிஞ்சா அப்பா பாதியில விட்டுடுவாரும்மா, அவர் முடிக்கட்டும்"னு. எனக்குக் கோபமா வருது, கண்ணும் கலங்குது, எது முதல்லன்னு தெரியலை. அம்மா போன் தடையை எடுத்துட்டா. ஆனா உன்கிட்ட பேச வாய் வரமாட்டேங்குது, ஏன்னா நான் இன்னும் கடைசி அத்தியாயத்துல ஒரு வரிகூட எழுதலை, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு கைடு சொல்லிட்டாங்க. எனக்கு பயமா இருக்கு, சிட்டு. நீயே ஒருதடவை போன் பண்ணேன். எத்தனை பக்கம்னு மட்டும் கேக்காதே.